மயக்கம் தெளியும் வேளை: நாய்களின் மூச்சு வழிபற்றிய மருத்துவ வரலாறு

உயிர், உயிர்த்தல், உயிர்ப்பு என்னும் மூன்று சொற்களும் தமிழில் ஓரடியிற் பிறந்தவை. உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல். உயிர்ப்பு என்றால் மூச்சு. மூச்சையும் உயிரையும் ஒரே சொல்லடியாற் சுட்டிய பழந்தமிழர் கருத்து எத்துணைப் பொருத்தமானது என்பதை மயக்க மருத்துவத்தின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

அறுவை மேசையிற் கிடக்கும் உயிருக்கு வலி தெரியாமற் செய்யும் வழியை மருத்துவ உலகம் 1846ஆம் ஆண்டிலேயே அறிந்துகொண்டது. ஆயின், அவ்வுயிர் மயங்கிக் கிடக்கும்போதும், மயக்கம் தெளிந்து எழும்போதும், அதன் மூச்சு வழியைக் காப்பது எப்படி என்பதைக் கற்றுக்கொள்ள மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. அப்பாடத்தின் பெரும்பகுதி நாயின் உடலைக்கொண்டே கற்கப்பட்டது. அவ்வாறிருந்தும், அதன் பயன் நாய்க்குக் கடைசியிலேதான் கிட்டிற்று. அந்த வரலாற்றையும், அது இன்றைக்கு உணர்த்தும் உண்மையையும் ஈண்டுக் காண்போம்.

மூச்சு வழியும் அதன் காவலும்

மூக்கின் வழியே புகும் காற்று, மெல்லண்ணத்தின் பின்புறமாக இறங்கி, மிடற்றைக் கடந்து, மூச்சுக்குழல் வழியாக நுரையீரலை அடைகின்றது. எழுத்தொலி பிறக்கும் இடங்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் கூறும் மிடறே இங்கு வாயிற்படி போன்றது. உணவு செல்லும் வழியும் காற்றுச் செல்லும் வழியும் அவ்விடத்தில் ஒன்றையொன்று கடக்கின்றன. விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்கின்றது. அதையும் மீறி ஒரு துளி நீர் உட்புகுந்தால் உடனே இருமல் எழுந்து அதை வெளியே தள்ளுகின்றது. விழுங்குதலும் இருமுதலும் மூச்சு வழியின் இரண்டு காவலர்கள் எனலாம்.

மயக்க மருந்து வலியை மட்டும் உறங்கச் செய்வதில்லை. இந்தக் காவலர்களையும் உறங்கச் செய்துவிடுகின்றது. நாவின் தசை தளர்ந்து பின்னோக்கிச் சரிகின்றது. இரைப்பையின் வாயும் தளர்கின்றது. அதனால் உள்ளே கிடக்கும் புளித்த நீர் மேலேறி வந்து, தடுப்பார் இன்றி மூச்சுக்குழலிற் புகக்கூடும். அறுவை முடிந்து மருந்தை நிறுத்தியவுடன் உடலின் எல்லா ஆற்றல்களும் ஒருசேர விழித்துக்கொள்வதில்லை. கண் திறக்கலாம், கால் அசையலாம். ஆனால் விழுங்கும் ஆற்றல் இன்னும் முழுமையாகத் திரும்பாதிருக்கலாம். இந்த இடைவேளையே பேரிடர் மிக்கது.

துருத்தியால் நின்ற உயிர்

மூச்சுக்குழலிற் குழல் வைத்து உயிரைக் காக்கலாம் என்பது பழைய செய்தி. 1543ஆம் ஆண்டில் உடற்கூற்று நூலை வெளியிட்ட வெசாலியசு, உயிருள்ள விலங்கின் மூச்சுக்குழலைத் திறந்து, அதில் நாணற்குழலைச் செருகி ஊதினால், சுருங்கிய நுரையீரல் விரியும் என்றும், தளர்ந்த இதயம் மீண்டும் வலிமை பெறும் என்றும் எழுதிவைத்தார்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், இலண்டன் மாநகரில் இராபர்ட் ஊக் என்னும் அறிஞர் 1664ஆம் ஆண்டில் ஒரு நாயின் மார்பைத் திறந்து, துருத்தியாற் காற்றை ஊதி, அதன் உயிரை நெடுநேரம் நிலைநிறுத்தினார். அந்நாள் மயக்க மருந்து இல்லாத நாள். அந்நாய் பட்ட துன்பத்தைக் கண்ட ஊக், இத்தகைய சோதனையை இனிச் செய்ய மனம் வாராது என்று பாயில் என்னும் அறிஞருக்குக் கடிதம் எழுதினார். விலங்கு துன்பம் உணராதவாறு அதை மயக்கிவைக்க வழியிருந்தால் இவ்வாராய்ச்சி சிறந்ததாகும், ஆயின் எந்த அபினும் அதைச் செய்யுமென்று தோன்றவில்லை என்றும் அக்கடிதத்திற் குறிப்பிட்டார். மயக்க மருந்து வேண்டும் என்ற எண்ணம் மனிதனின் வலியைக் கண்டு மட்டுமன்றி, நாயின் வலியைக் கண்டும் ஓர் அறிஞர் உள்ளத்தில் எழுந்தது என்பது போற்றத்தக்கது.

எனினும், 1667ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அரச கழகத்தார் முன்னிலையில் அச்சோதனையை அவர் மீண்டும் செய்துகாட்ட நேர்ந்தது. இம்முறை இரண்டு துருத்திகளால் இடையறாது காற்றைச் செலுத்தி, நுரையீரலை அசையாமல் விரிந்தபடியே வைத்தார். நாய் உயிரோடிருந்தது. நுரையீரலின் அசைவன்று, புதுக்காற்றே உயிருக்கு இன்றியமையாதது என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

ஈதரும் குளோரோபாரமும்

அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரிற் பல் மருத்துவராயிருந்த மார்ட்டன் என்பவர், ஈதரின் ஆவியைத் தம் நாய்க்குக் கொடுத்துப் பார்த்த பின்னரே மனிதருக்குக் கொடுக்கத் துணிந்தார். 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் மாசசூசட்ஸ் பொது மருத்துவமனையில் அவர் ஈதர் கொடுக்க, நோயாளியின் கழுத்துக் கட்டி அகற்றப்பட்டது. மறு ஆண்டு நவம்பர்த் திங்களில் எடின்பரோ நகரத்து சிம்சன், குளோரோபாரத்தை அறிமுகப்படுத்தினார். குளோரோபாரம் விரைவில் மயக்கும், மணமும் இனியது. ஆதலின் அதன் புகழ் காட்டுத்தீப்போலப் பரவிற்று.

ஆயின், மூன்று திங்களுக்குள்ளாகவே, 1848ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், இங்கிலாந்தின் வடபகுதியில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி கால்விரல் நகத்தை எடுக்கும் சிறு சிகிச்சையின்போது குளோரோபாரத்தால் மயங்கி உயிர் துறந்தாள். அவள் நிலை மாறக்கண்டவர்கள் அவளுடைய வாயில் நீரும் பிராந்தியும் ஊற்றினர். குளோரோபாரம் அவளுடைய இதயத்தை நிறுத்திற்று என்றனர் சிலர். வாயில் ஊற்றிய நீர்மம் மூச்சை அடைத்துவிட்டது என்றார் சிம்சன். நெஞ்சு முந்தியா, மூச்சு முந்தியா என்ற வழக்கு அன்று தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. இலண்டன் மருத்துவர்கள் நாடியிற் கைவைத்திருந்தனர். எடின்பரோ மருத்துவர்கள் மூச்சிற் கண்வைத்திருந்தனர்.

ஐதராபாத்தில் நடந்த ஆராய்ச்சி

இவ்வழக்கின் ஒரு முக்கியமான பகுதி இந்திய மண்ணில் நடந்தது என்பதைப் பலர் அறியார். ஐதராபாத்தில் மருத்துவப் பள்ளியின் தலைவராயிருந்த எட்வர்டு லாரி, எடின்பரோவிற் பயின்றவர். மூச்சைக் கவனித்தால் போதும், குளோரோபாரம் தீங்கு செய்யாது என்பது அவருடைய உறுதியான கொள்கை. அதை நிலைநாட்ட 1888ஆம் ஆண்டில் நாய்களைக்கொண்டு ஆராயும் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் முடிவை இலண்டன் மருத்துவ இதழான லான்செட் ஏற்கவில்லை. உடனே ஆறாம் நிஜாம் மகபூப் அலிகான், அவ்விதழின் பேராளர் ஒருவர் நேரில் வந்து காண 1,000 பவுன் அளித்தார். இதயமே முதலில் நிற்கக்கூடும் என்ற எண்ணங்கொண்டிருந்த லாடர் பிரண்டன் என்னும் பேரறிஞர் 1889ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு வந்தார்.

இரண்டாம் குழுவின் ஆராய்ச்சியில் நாய், குரங்கு முதலிய விலங்குகள் நூற்றுக்கணக்கில் மடிந்தன. அவற்றில் எல்லாம் மூச்சே முதலில் நின்றது. இதயம் பின்னரே நின்றது. பிரண்டன் தம் கருத்தை மாற்றிக்கொண்டு இலண்டனுக்குத் தந்தியடித்தார். ஆயினும் அம்முடிவு முழு உண்மையன்று. 1911ஆம் ஆண்டில் குட்மன் லெவி என்பவர் பூனைகளைக்கொண்டு செய்த ஆராய்ச்சியால், குறைந்த அளவு குளோரோபாரத்தில் இருக்கும் உயிர் திடீரென்று கிளர்ச்சியுற்றால் இதயம் ஒழுங்கிழந்து துடித்து உடனே நின்றுவிடக்கூடும் என்பது புலனாயிற்று. இரு கட்சியாரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைப் பிடித்துக்கொண்டு வாதிட்டிருந்தனர்.

ஐதராபாத் நாய்களின் சாவு வீண் என்று தள்ளிவிடலாகாது. நாடி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுபோகும் என்பதையும், நாடியை மட்டும் பார்த்திருப்பது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது போன்றது என்பதையும் அவை ஐயத்துக்கிடமின்றிக் காட்டின.

மிடற்றிற் புகுந்த குழல்

கழுத்தை அறுக்காமல் வாய் வழியாகவே மூச்சுக்குழலிற் குழல் செலுத்தி மயக்க மருந்து கொடுக்கும் முறையைக் கிளாஸ்கோ நகரத்து மக்கூவன் 1878ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் செய்துகாட்டினார். வாயிலுள்ள கட்டியை அகற்றும்போது குருதி நுரையீரலுக்குட் செல்லாதிருக்க அவர் கண்ட வழி அது. விரலாலே தடவிப் பார்த்துக் குழலை நுழைத்தார்.

1909ஆம் ஆண்டில் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் மெல்ட்சர், ஆயர் என்னும் இருவர், நாயின் மூச்சுக்குழலில் மெல்லிய குழலைச் செலுத்தி, அதன் வழியே காற்றை இடைவிடாது ஊதி, தசைகள் முற்றும் செயலிழந்த நாயையும் பல மணி நேரம் உயிரோடு வைத்துக்காட்டினர். ஊக் துருத்தியால் கண்ட உண்மை, இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் மருத்துவ முறையாக வடிவெடுத்தது. அடுத்த ஆண்டே அம்முறை மனிதருக்குப் பயன்படலாயிற்று. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையிற் சிகிச்சை நடந்தபோது, முகமூடி வைக்க இடமின்றி இடர்ப்பட்ட மகில், ரோபோதம் என்னும் மருத்துவர்கள் ரப்பர்க் குழலை மூச்சுக்குழலிற் செலுத்தும் முறையைச் செம்மைப்படுத்தினர்.

குழல் புகுந்தும் ஒரு குறை நீங்கவில்லை. குழலுக்கும் மூச்சுக்குழலின் சுவருக்கும் இடையே இருந்த சந்தின் வழியே நீரும் குருதியும் கசிந்து இறங்கின. அமெரிக்க மருத்துவர் கெடல், காற்றால் உப்பும் சிறு ரப்பர்ப் பையைக் குழலின் நுனியருகே பொருத்தி, அச்சந்தை அடைத்தார். அதன் உறுதியை மற்றவர்கள் நம்பவேண்டுமே! அதற்கு அவர் கண்ட வழி வியப்பானது. ஒரு நாயை மயக்கி, பை பொருத்திய குழலை அதன் மூச்சுக்குழலிற் செலுத்தி, மயக்க வாயுவும் பிராணவாயுவும் குழல் வழியே செல்லுமாறு செய்து, நாயை அப்படியே நீர்த்தொட்டியில் மூழ்கவைத்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் நாய் நீருக்குள் உறங்கிற்று. பின்னர் மயக்கம் தெளிந்து எழுந்து, உடம்பைச் சிலிர்த்து நீரை உதறிற்று. ஒரு சொட்டு நீரும் நுரையீரலுட் புகவில்லை. மூச்சு வழி என்று பொருள்படும் 'ஏர்வே' என்பதே அந்நாயின் பெயர். கெடலின் நண்பரும் மயக்க மருத்துவப் பேராசிரியருமான வாட்டர்ஸ் அதைத் தம் வீட்டில் வைத்து வளர்த்தார். அவ்விருவரும் இக்குழலைப்பற்றி 1928ஆம் ஆண்டிற் கட்டுரை வெளியிட்டனர். இன்று உலகின் அறுவைக் கூடங்களிற் பயன்படும் பை பொருத்திய குழல்களெல்லாம் அதன் வழிவந்தவையே.

நாய் நோயாளியான காலம்

இதுவரை சோதனைப் பொருளாக நின்ற நாய், நோயாளியாக மதிக்கப்படலான காலம் பிந்தியது. விலங்குகளுக்குச் செய்யும் குறிப்பிட்ட அறுவைகளுக்கு மயக்க மருந்து கட்டாயம் என்னும் சட்டம் பிரிட்டனில் 1919ஆம் ஆண்டில்தான் வந்தது. 1930களில் நாளத்திற் செலுத்தும் பெண்டோபார்பிட்டோன் என்னும் மருந்து நாய்களுக்கு வழங்கலாயிற்று. ஊசி போட்டவுடன் நாய் அமைதியாக உறங்கிவிடும். ஆனால் தெளிய நெடுநேரமாகும். அந்நெடுநேரமும் நாவு சரியலாம், உடல் குளிரலாம், மூச்சு தடைப்படலாம். மயக்குதல் எளிதானபோது தெளிதலின் இடர் பெருகிற்று.

இதற்கிடையில், மனிதன் தன் விருப்பத்தால் நாயின் மூச்சு வழியையே குறுக்கிவிட்டான். இங்கிலாந்தில் எருதோடு நாயைப் பொரவிடும் கொடிய ஆட்டம் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதன் பின்னர்ப் புல்டாக் நாய்க்குப் போர்த்தொழில் இல்லை. 1859ஆம் ஆண்டில் நியூகாசில் நகரில் தொடங்கிய நாய்க்கண்காட்சிகள் நாடெங்கும் பரவியபோது, தட்டை முகமே அழகு என்று கருதி அதற்கேற்ப இனவிருத்தி செய்தனர். தலைமுறைதோறும் முகத்தெலும்பு குறுகிற்று. ஆனால் அதற்குள் அடங்கவேண்டிய நாவும் மெல்லண்ணமும் அந்த அளவுக்குக் குறுகவில்லை. சிறு பெட்டியிற் பெருந்துணியைத் திணித்தது போன்ற நிலை உண்டாயிற்று. மூக்குத்துளை ஒடுங்கி, மெல்லண்ணம் நீண்டு மிடற்றின்மேல் தொங்க, புல்டாக், பக், பீக்கினீஸ் போன்ற இனங்கள் விழித்திருக்கும்போதே குறட்டைவிட்டு மூச்சு வாங்குகின்றன. விழித்திருக்கையில் அவை தசைகளின் முயற்சியால் வழியைத் திறந்துவைத்துக்கொள்கின்றன. மயக்கம் அம்முயற்சியையும் பறித்துவிடுகின்றது.

குழலை எடுத்த பின்

அறுவை நடக்கும்போது மூச்சுக்குழலிற் குழல் இருக்கின்றது, அருகில் ஆள் இருக்கின்றார், பிராணவாயு ஓடிக்கொண்டிருக்கின்றது. அறுவை முடிந்ததும் குழலை எடுக்கின்றனர். மருத்துவர் அடுத்த வேலைக்குச் செல்கின்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல, இடர் அப்போதுதான் நேர்கின்றது.

அவ்விடர் பல வகைப்படும். முதலாவது, நாவும் மெல்லண்ணமும் சரிந்தோ, குழல் உரசியதால் மிடறு வீங்கியோ வழி அடைபடுதல். அடைபட்ட நாய் மூச்சை வலிந்து இழுக்கும். மார்பு உள்வாங்க, வயிறு மேலெழும். நாய் தன் உடல் வெப்பத்தை இளைப்பாலே தணித்துக்கொள்ளும் உயிர். வழி குறுகினால் வெப்பம் ஏறும். வெப்பம் ஏற ஏற வேகமாக இளைக்கும். இளைக்க இளைக்க மிடறு மேலும் வீங்கும். முதலிற் குறட்டை போன்ற ஓசை கேட்கும். அவ்வோசை நின்றுவிட்டால் நலமென்று எண்ணிவிடலாகாது. வழி முற்றும் அடைபட்டுவிட்டால் ஓசை எழ இடமில்லை.

இரண்டாவது, இரைப்பையின் நீர் நுரையீரலிற் புகுதல். இதன் கொடுமையை விளக்கியவர் நியூயார்க் மகப்பேற்று மருத்துவர் மெண்டல்சன். 1932 முதல் 1945 வரை ஒரு மருத்துவமனையில் நிகழ்ந்த 44,016 மகப்பேறுகளை அவர் ஆராய்ந்தார். அவற்றுள் 66 தாய்மாருக்கு மயக்கத்தின்போது இரைப்பைப் பொருள் நுரையீரலிற் புகுந்திருந்தது. முயல்களைக்கொண்டு சோதித்து, அந்நீரின் புளிப்பே நுரையீரலை எரிக்கின்றது என்று 1946ஆம் ஆண்டில் அவர் எழுதினார். நாய்க்கும் இது பொருந்தும். எழுந்து நடந்து வீடு சென்ற நாய், ஓரிரு நாளில் காய்ச்சலும் இருமலுமாகத் திரும்பி வருவது இதனாலே.

மூன்றாவது, காத்த குழலே கேடு செய்தல். சளியால் அடைபடுதல், தெளியும் நாய் குழலைக் கடித்துத் துண்டாக்குதல், பையில் அளவுமீறிக் காற்றை ஏற்றியதால் மூச்சுக்குழல் கிழிதல் ஆகியன அவ்வகையின. கிழிதல் நாயினும் பூனையில் மிகுதி.

பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்த ஒரு பேராராய்ச்சி, மயக்கப்பட்ட 98,036 நாய்களின் கணக்கை எடுத்தது. நூற்றுக்கு 0.17 விழுக்காடு, அஃதாவது ஏறத்தாழ 600 நாய்களில் ஒன்று, மயக்கத்தின் தொடர்பால் இறந்தது. நலமுள்ள நாய்களை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 1,850இல் ஒன்று. இருபதாண்டுக்கு முன் எடுத்த கணக்கில் அது 870இல் ஒன்றாக இருந்தது. முன்னேற்றம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் இறந்த நாய்களில் பாதிக்குச் சற்றே குறைவானவை அறுவை முடிந்த பின்னரே இறந்தன. அவற்றுட் பல, முடிந்த மூன்று மணி நேரத்துக்குள் இறந்தன.

வரலாறு உணர்த்துவது

இவ்வெண்களையும் முன்கூறிய வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகின்றது. ஊக்கின் துருத்தியும் கெடலின் பையும் மயங்கிக் கிடக்கும் உயிருக்குரிய காவல்கள். மயக்கத்துக்கும் விழிப்புக்கும் இடைப்பட்ட உயிருக்கு, அருகில் அமர்ந்து பார்த்திருக்கும் ஒருவரே காவல். 1974ஆம் ஆண்டில் ஜப்பானியப் பொறியாளர் அயோயாகி, குருதியிலுள்ள பிராணவாயுவின் அளவை ஒளியால் அறியும் கருவியின் தத்துவத்தை வெளியிட்டார். அதை நாயின் நாவிற் பொருத்தி அளவு காண்பது இன்று வழக்கம். ஆயின் நாய் விழித்து நாவை உள்ளிழுத்துக்கொண்டால் கருவி கழன்றுவிடும். மிகவும் வேண்டப்படும் நேரத்தில் அது பயன்படாது போகின்றது.

ஆதலின் நல்ல கால்நடை மருத்துவர்கள் சில முறைகளைக் கைக்கொள்கின்றனர். நாய் தானே விழுங்கத் தொடங்கிய பின்னரே குழலை எடுக்கின்றனர். தட்டை முக நாயாயின், அது குழலைப் பொறுத்துக்கொள்ளும் வரை விட்டுவைக்கின்றனர். அத்தகைய நாய்கள் தலையைத் தூக்கிய பின்னும் குழலோடு அமைதியாகக் கிடப்பதுண்டு. தடையின்றி மூச்சு வாங்குவது அவற்றிற்கு அரிதாகக் கிட்டும் சுகம் போலும்! மார்பின்மேற் படுக்கவைத்து, கழுத்தை நீட்டி, நாவை வெளியே இழுத்துவிட்டு, பிராணவாயுவையும் மற்றொரு குழலையும் அருகில் வைத்துக்கொண்டு, ஒருவர் உடனிருக்கின்றார்.

இவற்றுள் விலையுயர்ந்த பொருள் ஒன்றுமில்லை. வேண்டுவது நேரமும் பொறுமையும், கண்ணும் காதுமே. நாயை அறுவைக்கு விட்டுச்செல்லும் உரிமையாளர், அறுவையை யார் செய்வார் என்று மட்டும் கேட்டு அமையாது, அது முடிந்த பின் நாயருகில் யார் இருப்பார் என்றும் கேட்கவேண்டும். ஊக்கின் மேசையிலும் ஐதராபாத் ஆராய்ச்சிக் கூடத்திலும் மாண்ட நாய்களுக்கு மனிதர் பட்ட கடன் பெரிது. அக்கடனில் ஒரு சிறு பகுதியையேனும், தெளியும் நாயின் அருகே அமர்ந்திருக்கும் அந்த மூன்று மணி நேரத்தில் தீர்க்கலாம்.